என் வீட்டை வரைந்தவள்

பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு தையல்கடையின் மாடியில், சனிக்கிழமை மதியங்களில் ஆறு பெண்கள் கூடிப் புத்தகம் செய்கிறோம். அச்சடிக்கிற புத்தகம் இல்லை. தடித்த காகிதத்தை மடித்து, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்து, உள்ளே படம் வரைந்தோ துணி ஒட்டியோ ஒரே ஒரு பிரதி.

போன வருஷம் ஏழாவதாக ஒருத்தி சேர்ந்தாள். ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். அட்டைக்கு ஒட்ட மிச்சத் துணி ஒரு பை நிறையக் கொண்டுவந்ததால் முதல் நாளே எல்லாருக்கும் அவளைப் பிடித்துப்போனது. எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. எங்கள் புத்தகங்களை வாங்கி வாங்கிப் பார்ப்பாள். தன்னுடையதை மட்டும் யாராவது எட்டிப் பார்த்தால் மூடிவிடுவாள்.

என்னிடம்தான் அதிகம் பேசினாள். என் தெருப் பெயரைச் சொல்லி, "நீங்க அந்தத் தெருவுல மூணாவது வீடாக்கா?" என்றாள் ஒரு நாள். தெருவை நான் சொன்னதாகவே ஞாபகம் இல்லை. "மதியத்துல வீட்ல யாரு இருப்பாங்க?" என்றாள் இன்னொரு நாள். "எப்பவும் யாராச்சும் இருந்துகினேதான் இருப்பாங்க" என்று பொய் சொன்னேன். அடுத்த வாரம், "பின்பக்கக் கதவு இன்னும் இறுக்கமாத்தான் இருக்குதாக்கா?" என்றாள். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் அந்த 'இன்னும்' எனக்கு உறைத்தது.

பசைக் கையைக் கழுவ அவள் கீழே போன ஒரு சமயம், அவள் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டேன். செய்யக்கூடாததுதான். முதல் தாளில் என் வீட்டு வாசல். அடுத்ததில் என் கொல்லைப்புறம்: துவைகல், மூலை உடைந்த படி, மூடி போட்ட கிணறு. தெருவில் எங்கே நின்று பார்த்தாலும் அந்தத் துவைகல் தெரியாது. அதற்குப் பிறகு எல்லாம் வெறும் தாள்கள்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "திருட வர்றவ படம் போட்டுகினா இருப்பா? இது சொத்து விஷயம். எவளோ பங்கு கேட்டு வரப்போறா" என்றார். மறுநாளே பத்திர ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார். எங்களுக்கு விற்றவருக்கு முன்னால் இன்னொருவர் பெயர் இருந்தது. சிக்கல் ஒன்றும் இல்லை. ஆனாலும் பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டார்.

மலைக்கோயில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தால் இரண்டு வாரம் நாங்கள் கூடவில்லை. மூன்றாவது வாரம் அவளைப் படிக்கட்டிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"எங்க வீட்டுக் கொல்லை உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எங்க நைனா கட்டின வீடுக்கா. நான் ஏழாவது படிக்கறப்ப வித்துட்டாரு."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா உங்க பக்கத்துல உக்கார விட்டிருப்பீங்களா?"

அவள் அப்பா பெயரைக் கேட்டேன். வில்லங்கத்தில் பார்த்த அதே பெயர். "உள்பக்கம் சரியா ஞாபகம் வரலைக்கா. ஒரே ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னேன். பழங்கள் வாங்கி வந்திருந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய், நாங்கள் அடைத்து அலமாரி வைத்திருந்த இடத்தைத் தொட்டு, "இங்க ஒரு ஜன்னல் இருந்துச்சு" என்றாள். அவள் போன அறைக்கெல்லாம் பின்னாலேயே போனேன். பீரோ இருந்த அறையை மட்டும் கதவைத் திறக்காமல், அதன் முன்னால் நின்றபடியே காட்டினேன். அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பினாள். போன பிறகு பீரோவைத் திறந்து பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தைத்து முடித்த புத்தகத்தை எல்லாருக்கும் காட்டினாள். கூடம், சமையலறை, அடைபட்ட ஜன்னல் எல்லாம் இருந்தன. கடைசித் தாளில் ஒரு மூடிய கதவு. அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நான். பார்வைகூட அப்படியே இருந்தது. மற்றவர்கள் "அப்படியே உரிச்சு வெச்சிருக்கே!" என்று சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"வேணாம்னா சொல்லுங்கக்கா, அந்தத் தாளைப் பிரிச்சு எடுத்துடறேன்" என்றாள் மெதுவாக.

"இருக்கட்டும்" என்றேன். "அப்படித்தானே நின்னேன்."