தென்னையாய் நின்ற காலை

பால் காய்ச்சி ஒரு மாதம் போன பிறகுதான், காய்ச்சிய இடம் எங்கள் பழைய வீடு இருந்த வளவுதானா என்று அண்ணைக்குச் சந்தேகம் வந்தது. எங்கே கிண்டியும் எங்கள் பழைய கிணறு அகப்படவில்லை.

போர்க்காலத்தில் எங்களை வெளியேற்றிவிட்டு, காங்கேசன்துறைத் துறைமுகத்தைக் காக்க இராணுவத்தினர் எங்கள் கரையை முழுதாக மாற்றிவிட்டார்கள். கடலைப் பார்த்து மண் அணை, அணை நெடுகக் காவலரண்கள், பின்னால் விமானங்களைச் சுடும் பீரங்கிகளுக்கு வட்டமான சீமெந்துத் தளங்கள். வீடுகளின் கல்லும் மரமும் அவற்றுக்குள்ளேயே போயின. பல வருடங்கள் கழித்து ஒரு துண்டுக் கரையைத் திருப்பி விட்டபோது வேலியும் இல்லை, தெருவுக்குப் போகும் ஒழுங்கையும் இல்லை. ஓரிடத்தைக் காட்டி இதுதான் என்று அண்ணையும் நானும் அழுதோம். பால் காய்ச்சினோம், தென்னம்பிள்ளையும் வைத்தோம்.

அண்ணை கடலுக்குப் போகிறவர். கடலடியில் ஒரு பார் இருக்கிறது, மீன் கூடும் பாறைமேடு. அந்த நாளில் அதன்மேல் படகை நிறுத்தினால் வெளிச்சவீடும் எங்கள் வளவுத் தென்னையும் ஒரே நேர்கோட்டில் தெரியும். எங்களைப் பெற்ற ஐயா அந்த அடையாளத்தை வைத்துத்தான் வலை போடுவார்.

"தென்னை போனாலும் பார் போகேல்லைத்தானே" என்றுவிட்டு அண்ணை விடியப் படகெடுத்தார். நான் தூரத்துக்குத் தெரியச் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு கரையில் நின்றேன். ஈயக் கயிறு விட்டுப் பாரைக் கண்டதும் அண்ணை கைபேசியில் கூப்பிட்டார்.

"இப்ப நீதான் தென்னை. வெளிச்சவீட்டுக்கு நேரை வரவேணும். மேற்குப் பக்கமா நட."

முழங்கால் நோவோடு தென்னையாவது லேசான வேலை இல்லை. நடந்தேன். நாங்கள் பால் காய்ச்சிய இடமும் கடந்து போனது.

"இன்னும் கொஞ்சம், பிள்ளை."

முட்கம்பி மறித்தது. அதற்கு அப்பால் இராணுவம் இன்னும் விடவில்லை.

"ஏலாது அண்ணை. கம்பி."

"இன்னும் முப்பது அடி வேணுமே."

எட்டிப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் ஒரு வட்டத் தளம். பீரங்கி இல்லை, புல் முளைத்திருந்தது. அம்மா கருவாடு காயவிட்ட முற்றம் அது. ஒரே ஒரு தடவை அதில் கால் வைக்க வேண்டும்போல் இருந்தது. இன்றைக்கும் அந்த ஆசை தீரவில்லை.

மறுநாள் பின்னேரம் அண்ணை இரண்டு வாளியில் தண்ணீரோடு புறப்பட்டார், நாங்கள் வைத்த அதே தென்னம்பிள்ளைக்கு.

"அது வேறை ஆரின்ரையோ வளவெல்லே, அண்ணை?"

"ஓம். அந்த ஆக்களும் ஒருநாள் தேடிக்கொண்டுதானே வருவினம். ஒரு அடையாளம் நிக்கட்டும்."

நான் ஒரு வாளியை வாங்கிக்கொண்டேன்.