கும்மிடிப்பூண்டி கேன்டீனிலிருந்து ஏர்போர்ட் லவுஞ்சுக்கு

சனிக்கிழமை, காலை 6.40. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம். இங்கிருந்து சென்னை சென்ட்ரல் 48 கிலோமீட்டர். மின்சார ரயிலில் 15 ரூபாய். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஏறியதும் பாதிப் பேர் உட்கார்ந்த மறுநிமிடமே தூங்கிவிட்டார்கள். நானும் கோமதியும் கடைசிப் பெட்டியில் எதிரெதிரே இடம் பிடித்தோம்.

கோமதி என் மனைவியின் தங்கை. வயது நாற்பத்தாறு. சிப்காட்டில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாகக் கேன்டீன் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறார். மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து நானூறு பேருக்குச் சாப்பாடு. அவருடன் பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் அதிகாரிகளுக்கென்று நாற்பது பேர் உட்காரும் புதிய சாப்பாட்டுக் கூடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே பரிமாறக் கூடாது, அவரவர் எடுத்துச் சாப்பிடும் புஃபே வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பம். திங்கட்கிழமை மதியம் ஒரு சோதனைச் சாப்பாடு. அது பிடிக்காவிட்டால் சென்னையிலிருந்து ஒரு கேட்டரிங் கம்பெனி வரும். தொழிலாளர் கேன்டீனையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு பேருக்கும் வேலை போகும்.

மனிதவள மேலாளர் ரகுராமன் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே வாசகத்தைச் சொல்லியிருக்கிறார்: “ஏர்போர்ட் லவுஞ்ச் மாதிரி இருக்கணும் மேடம்.” கோமதி ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். பிறகு எனக்கு போன் செய்து, “மாமா, லவுஞ்சுன்னா இன்னா?” என்று கேட்டார்.

விமானம் ஏறும் முன் உட்கார்ந்து சாப்பிடும் அறை என்றேன். அவரிடம் இருக்கும் கிரெடிட் கார்டிலேயே அதற்கு அனுமதி உண்டு என்றும் சொன்னேன். அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் அந்தக் கார்டில்தான் வாங்குகிறார். அதில் சேரும் புள்ளிகளை மாற்றி இதுவரை மூன்று குக்கர் வாங்கியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு இரண்டு முறை விமான நிலைய லவுஞ்சில் இலவசமாக நுழையலாம் என்ற வரி அவர் கண்ணில் பட்டதே இல்லை.

விமான டிக்கெட் இல்லாமல் உள்ளே போக முடியாது. எனவே பெங்களூருக்கு மதியம் 12.20 விமானத்தில் ஆளுக்கு 2,640 ரூபாயில் டிக்கெட் எடுத்தோம். என் மகள் அங்கே இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்புவதாகத் திட்டம். கோமதியோடு சேர்ந்து கிளம்புவதற்காக வெள்ளிக்கிழமை இரவே அவர் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டேன்.

பொன்னேரி தாண்டியதும், தூங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கண் விழித்தார். அதே தொழிற்சாலைச் சீருடை.

“அக்கா, நீயா? அப்ப இன்னிக்கு நாஷ்டா யாரு?”

“வசந்தா.”

“போச்சுடா. பொங்கல்ல மிளகத் தேடணும். நல்லவேள, நான் சாப்புடாம வந்துட்டேன். நீ எங்கக்கா போய்க்கினு இருக்க?”

“ஏர்போர்ட்டுக்கு. நாஷ்டா துன்ன.”

அவர் பலமாகச் சிரித்தார். “சொல்ல மாட்டன்னா வுடு. அதுக்காக இப்படியா?” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கடந்து போனபோது கோமதி ஒரு கையடக்க நோட்டைத் திறந்து, ‘தட்டு எங்கே, ஸ்பூன் எங்கே’ என்று முதல் கேள்வியை எழுதினார்.

காலை 8.10, சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். கட்டணம் 40 ரூபாய். 9.15க்கு இறங்கினோம். நுழைவாயில், பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிய 9.50. லவுஞ்சுக்குப் போகும் வழியில் ஓர் உணவகத்தின் விலைப் பலகையை கோமதி நின்று படித்தார். மசாலா தோசை 295 ரூபாய். “தோசையிலயே ஏறிப் பறந்துடலாம் போல” என்றார்.

லவுஞ்சின் முன்மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். கார்டையும் போர்டிங் பாஸையும் வாங்கிப் பார்த்து, கார்டை ஒரு கருவியில் தேய்க்கிறார்கள். சரிபார்ப்பதற்காக இரண்டு ரூபாய் மட்டும் எடுக்கப்படுகிறது. எப்படிச் செய்வது என்று காட்டுவதற்காக நான் முதலில் என் கார்டை நீட்டினேன். கருவி ஏற்கவில்லை. இரண்டாம் முறையும் ஏற்கவில்லை.

“சார், போன மூணு மாசத்துல கார்டுல முப்பத்தஞ்சாயிரம் செலவு பண்ணியிருந்தாதான் இந்த மூணு மாசம் ஃப்ரீ. புது ரூல்” என்றார் மேசையில் இருந்தவர், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில். அந்தக் குரலுக்கு நான் நன்றியுடையவன்.

கோமதியின் கார்டு ஒரே தேய்ப்பில் ஏற்றது. இரண்டாவது அனுமதியை விருந்தினருக்குப் பயன்படுத்தலாம் என்றார்கள்.

“இவரையும் சேத்துக்கோங்க” என்றவர் என்னைப் பார்த்தார். “மூணு மாசமா நீங்க இன்னாதான் வாங்குனீங்க மாமா? அக்கா ஊட்ல அடுப்பு எரியுதா இல்லியா?”

அவருடைய விருந்தினராக உள்ளே போனேன்.

அறை பெரியது, ஏறத்தாழ தொண்ணூறு இருக்கைகள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் விமானங்கள் நிற்கின்றன. ஒலிபெருக்கி அறிவிப்பு இல்லை. விமான நேரங்கள் திரையில் மட்டும். ஒவ்வொரு நாற்காலிக்கும் அருகில் போன் சார்ஜ் செய்ய வசதி. முதலில் கவனத்துக்கு வந்தது அமைதி. அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுச் சத்தம் கேட்கவில்லை. எச்சில் தட்டு போடும் தொட்டியின் அடியில் ரப்பர் விரிப்பு இருப்பதை கோமதிதான் கண்டுபிடித்தார்.

உணவு மேசை ஒரு சுவர் நீளத்துக்கு இருந்தது. மூடி போட்ட ஸ்டீல் டிரேக்களில் இட்லி, வெண்பொங்கல், வடை, பூரி, உருளைக்கிழங்கு. தோசை மட்டும் கேட்டால் சுட்டுத் தருகிறார்கள். கோமதி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு இட்லி டிரேக்கு முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். கோட் அணிந்த ஒருவர், “மேடம், நீங்க எடுத்துட்டீங்கன்னா...” என்று இழுத்தார். அப்போதுதான் கோமதிக்கு உறைத்தது. யாராவது வந்து தட்டில் வைப்பார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

அவருடைய கேன்டீனில் கரண்டியைத் தொழிலாளர் தொடும் வழக்கம் இல்லை. டோக்கனை வைத்துவிட்டுத் தட்டை நீட்டுவார்கள். உள்ளிருந்து ஒரு பெண் வைப்பார். ஒன்பது ஆண்டுகள் அந்தக் கரண்டியைப் பிடித்தவர் இவர்.

மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: “போட்டே பழக்கம் மாமா. எடுத்துப் பழக்கமே இல்ல. வெக்கமாப் போச்சு.” கொஞ்ச நேரம் சாப்பிடாமல் டிரேக்களையே பார்த்தார். “திங்கக்கிழமைக்கு இன்னா யோசிச்சு வச்சிருந்தேன் தெரியுமா? ஒவ்வொரு டிரேக்குப் பின்னாலயும் ஒரு பொண்ண நிக்க வைக்கலாம்னு. பதினோரு பேரு மொறச்சிக்கினு நின்னா எந்த ஆபீசர் ரெண்டாவது வடை எடுப்பான்?”

அடுத்த அரை மணி நேரம் அவர் வேலை பார்த்தார். இட்லி டிரேயில் எப்போதும் பாதி அளவுதான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புது டிரே வந்து பழையது போகிறது. மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டுவதில்லை. தட்டுகள் தொடக்கத்தில், ஸ்பூன்கள் கடைசியில். அதனால் எடுக்கும்போது ஒரு கை எப்போதும் காலி. இரண்டு முறை டிரேயின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

இரண்டாவது முறை ஒரு பணிப்பெண் பார்த்துவிட்டார். சட்டையில் ஸ்டெல்லா என்று பெயர் இருந்தது. திட்டு விழும் என்று நினைத்தேன்.

“சூடு பத்தலியா மேடம்?”

“சூடு கரெக்டா கீது. எப்டி வச்சிருக்கீங்கன்னு பாத்தேன். நானும் கேன்டீன்தாம்மா. கும்மிடிப்பூண்டி.”

ஸ்டெல்லாவின் முகம் மாறியது. “அட, பேச்சக் கேட்டதுமே நெனச்சேங்க்கா. நான் அத்திப்பட்டு.”

அதன் பிறகு அவர் எங்களைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். வெந்நீர் டிரேக்கு அடியில் இரண்டு விரல் உயரம்தான் இருக்க வேண்டும். சட்னிக் கிண்ணம் சிறிதாக இருந்தால்தான் யாரும் கிளற மாட்டார்கள். பூரி வைப்பது பெரிய பேஜார். ஆறினால் யாரும் தொட மாட்டார்கள், எனவே எட்டு எட்டாகத்தான் வரும். கோமதி எழுதிக்கொண்டே இருந்தார்.

10.35. காலை உணவு மதிய உணவாக மாறியது. இதை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பதினெட்டு நிமிடங்களில் மேசை முழுவதும் மாறிவிட்டது. ஒரு நிமிடம்கூட வெறுமையாக இல்லை. இடது கோடியில் இட்லி போய்ச் சாதம் வந்தபோது வலது கோடியில் பொங்கல் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் ஒருவர் தோளில் தூங்கும் குழந்தையோடு வந்தார். ஒரு கையில் தட்டு, மறு கை குழந்தையின் முதுகில். சாம்பார்ப் பாத்திரத்தின் முன்னால் அவர் தயங்கிய கணத்தில், எங்கிருந்தோ ஸ்டெல்லா வந்து கரண்டியை எடுத்து ஊற்றினார். அப்பளம் ஒன்றையும் வைத்தார். அதே வேகத்தில் விலகிப் போய்விட்டார். அந்த மனிதர் நன்றி சொல்லத் திரும்பியபோது அங்கே யாரும் இல்லை.

கோமதி பேனாவை மூடினார். “இதான் மாமா. இதுக்குத்தான் வந்தேன்.”

11.30க்கு எழுந்தோம். வாசல் வரை வந்த ஸ்டெல்லா, “திங்கக்கிழம நல்லா பண்ணுங்கக்கா. சாம்பாரக் கெட்டியா வச்சிடாதீங்க, சூட்டுல இருந்தா இன்னும் இறுகும்” என்றார். விமானத்தில் கோமதிக்கு ஜன்னல் ஓர இருக்கை. முதல் விமானப் பயணம். மேலே ஏறும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பெங்களூர் வரும்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நாற்பது பேருக்கு வடை பத்துப் பத்தாகவா, பன்னிரண்டு பன்னிரண்டாகவா?

திங்கட்கிழமை. திருநின்றவூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து புறப்பட்டு, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, 11.45க்குத் தொழிற்சாலை வாசலை அடைந்தேன். கோமதி எனக்குக் கேன்டீன் உதவியாளர் என்று ஒரு நாள் பாஸ் எடுத்து வைத்திருந்தார். தலைக்கு வலைத் தொப்பியும் கொடுத்தார்கள்.

12.45. அதிகாரிகள் வந்தார்கள். டிரேக்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. தட்டு தொடக்கத்தில், ஸ்பூன் கடைசியில். வடை பத்துப் பத்தாக வந்தது. எச்சில் தட்டுத் தொட்டியில் சைக்கிள் டியூப் வெட்டி விரித்திருந்தார்கள். சமையலறைக் கதவின் சதுரக் கண்ணாடிக்குப் பின்னால் பதினோரு முகங்கள் முறை வைத்து எட்டிப் பார்த்தன. கோமதி மட்டும் கூடத்தில், தண்ணீர்க் குடத்தருகே நின்றார். அவர் கைவிரல்கள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

லவுஞ்சோடு ஒப்பிட்டால் இங்கே குறைகள் உண்டு. ஒரு மூடி சரியாகப் பொருந்தவில்லை. நாற்காலிகள் தரையில் இழுபட்டுச் சத்தம் போட்டன. ஆனால் கத்தரிக்காய் காரக்குழம்புக்கு இணையாக அந்தக் கண்ணாடிச் சுவருக்குள் நான் எதையும் சாப்பிடவில்லை.

ரகுராமன் கடைசியாக வந்தார். காதில் போன்; யாரிடமோ ஒரு லாரி எளாவூர் சோதனைச் சாவடியில் நிற்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சாம்பார்ப் பாத்திரத்தின் முன்னால் வந்ததும் தட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார். கதவு திறந்தது. வசந்தா வந்து இரண்டு கரண்டி ஊற்றினார், அப்பளம் வைத்தார், போய்விட்டார். ரகுராமன் பேச்சை நிறுத்தவே இல்லை.

அவர் இரண்டாம் முறை சாதம் எடுத்தார். மோரும் எடுத்தார். தட்டைப் போட்டுவிட்டு நேராகக் கோமதியிடம் வந்தார்.

“மேடம், நீங்க ஏர்போர்ட் லவுஞ்ச் பார்த்திருக்கீங்களா?”

“போன சனிக்கெழமதான் சார் போயிருந்தேன். நாஷ்டா சாப்புட.”

ரயிலில் சிரித்தவரைப் போல இவர் சிரிக்கவில்லை. கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “ரெண்டு கேன்டீனுக்கும் சேர்த்தே புது அக்ரிமென்ட் போட்டுடலாம். வியாழக்கிழமை காலைல வந்து கையெழுத்துப் போடுங்க.”

கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தெரிந்தன. கோமதி முந்தானையை விட்டார்.

“வியாழக்கிழம சிலிண்டர் வர்ற நாளு சார். இறக்கி எண்ணி வாங்கணும், நான் இல்லாம ஆவாது. வெள்ளிக்கிழம வரட்டுங்களா?”

ரகுராமன் வெள்ளிக்கிழமைக்கு ஒத்துக்கொண்டார்.