தாவீது தேடிய வெள்ளை வண்டி

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கைக்குப் போகும் சாலையில், என் சீட் கவர் கடையை ஒட்டினாற்போல் இருப்பது தாவீதண்ணனின் பம்பர் கடை. உடைந்ததை ஒட்டுவார். ஒட்ட முடியாததைக் கழற்றிவிட்டு ஃபைபர் பம்பர் மாட்டுவார். ஃபைபர் பம்பரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எந்த வண்டிக்கு என்று சொல்லி விற்கிறார்களோ அந்த வண்டியில் மட்டும் அது உட்காராது. ஒரு பக்கம் ஹெட்லைட்டை இடிக்கும், மறுபக்கம் விரல் நுழையும் அளவுக்கு வாயைப் பிளக்கும். வளைத்தால் வளையாது, கீறல் விடும். தாவீதண்ணன் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, புதிதாக ஓட்டை போட்டு, வண்டியோடு பிறந்ததுபோல் உட்கார வைத்துவிடுவார். அந்தப் பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

அவர் மனைவி கலையரசி அண்ணி பட்டுக் கடைகளுக்குப் புடவைக் குஞ்சம் கட்டிக் கொடுத்துவந்தார். மிச்சமாகும் பட்டு நூலைப் பையில் அடைத்துக் கணவரிடம் கொடுப்பார். ஒட்டுவதற்கான ஃபைபர் துணி தீர்ந்துபோனால், தாவீதண்ணன் அந்த நூலையே ரெசின் பசையில் தோய்த்து உடைப்பின் உள்பக்கம் அப்பிவிடுவார். வெளியே பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. பட்டு பம்பர் கிடைக்கிற கடை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நான் கிண்டல் செய்வேன். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார்.

நான்கு வருடங்களுக்கு முன், அண்ணி திருமுக்கூடலில் இருக்கும் அம்மா வீட்டில் தங்கிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் சாலையோரமாக நடந்து வந்திருக்கிறார். ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முள்புதருக்குள் கிடந்தவரை ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்தபோது உச்சிவெயில். அப்போதும் மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அடங்கிவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம்.

அடக்கம் முடிந்ததும் தாவீதண்ணன் அந்த இடத்துக்குப் போய், முள்ளுக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பம்பர்த் துண்டை எடுத்துவந்தார். வெள்ளை நிறம். ஒரு முனையில், பனிமூட்டத்துக்கான ஃபாக் லைட் மாட்டும் ஓட்டையின் வளைவு. போலீஸில் கொடுங்கள் என்றேன். இதைப் பார்த்துச் சொல்ல என்னைவிட ஆள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இந்த நாட்டில் பாதி வண்டி வெள்ளை. மூலை உடைந்த வெள்ளை வண்டி எது வந்தாலும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தத் துண்டை வைத்துப் பார்ப்பார். காமாட்சியம்மன் கோவில் பக்கம் நிற்கும் வெளியூர் வண்டிகளைக்கூடக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போவார். கழற்றிய பம்பர்களைக் காயலான் கடைக்குப் போடமாட்டார். கடைக்குப் பின்னால் அவை மலையாகக் குவிந்து கிடந்தன. காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசி முனகும். என் மனைவி அந்தப் பக்கம் வரவே பயப்படுவாள். துண்டு பொருந்தாத ஒவ்வொரு தடவையும் தாவீதண்ணன் முகம் செத்துப்போகும். ஆள் கிடைத்தால் வெட்டிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர உதறல். அவர் மகள் கிரேஸ் நர்ஸ் வேலை பார்க்கிறவள், தைரியசாலி. அவளே என்னிடம் வந்து அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

போன வாரம் உதயகுமார் என்ற பையன் வந்தான். பெரிய காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கிற குடும்பம். செகண்ட் ஹேண்டில் வெள்ளைக் கார் வாங்கியிருந்தான். முன்பக்கம் ரேஸ் கார் மாதிரி தெரியவேண்டும் என்று சென்னையிலிருந்து ஃபைபர் பம்பர் வரவழைத்திருந்தான். வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனான்.

பழைய பம்பரில் வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. தாவீதண்ணன் வண்டியை ஒரு முறை சுற்றிவந்தார். ஸ்க்ரூக்களைக் கழற்றி, கிளிப்புகளை நெம்பி, பம்பரை இழுத்துத் தரையில் கவிழ்த்தார். அப்புறம் சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தேன். இடது மூலையில், ஃபாக் லைட் ஓட்டையை ஒட்டிப் பழைய ஒட்டு ஒன்று இருந்தது. பசைக்குள் மாம்பழ மஞ்சளும் அரக்குமாகப் பட்டு நூல். அவர் அந்தப் பம்பர்த் துண்டை எடுத்துவந்து ஒட்டின்மேல் வைத்தார். உடைப்புக் கோடு சுற்றிலும் இம்மி பிசகாமல் பொருந்தியது.

நீங்கள் ஒட்டியதா என்று கேட்டேன். ஆமென்று தலையை ஆட்டினார்.

"கலை அவங்கம்மா வூட்டுக்குப் போறப்ப குடுத்துட்டுப் போன நூலு" என்றார்.

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வண்டியை விற்றவன் யாரென்று உதயகுமாரிடம் கேட்டால் தெரிந்துவிடும், இப்போதே போலீஸுக்குப் போகலாம் என்று படபடத்தேன். கடைசியில் ஆள் கிடைத்துவிட்டானே என்றேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் காசி."

பிறகு மெதுவாகச் சொன்னார். அண்ணி அடிபட்ட அன்று காலை அவர் கடையைத் திறக்க வந்தபோதே அந்த வண்டி வாசலில் நின்றிருந்தது. ஓட்டிவந்தவன் வெளியூர்க்காரன். இருட்டில் நாய் குறுக்கே வந்துவிட்டது என்றான். எந்த ரோட்டில் என்று இவர் கேட்கவில்லை. வேலை நடக்கும்போது அவனால் உட்காரவே முடியவில்லை. நாய்தானா என்று சந்தேகமாக இருக்கிறது, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டான்.

"நான்தான் வேணாம்னேன். நாயாதான் சார் இருக்கும், ஒரு டீ சாப்புடுங்கன்னேன். பசை காஞ்சிக்கினு இருந்துது. பாதியில வண்டிய எடுத்தா ஒட்டு வுட்டுடும். அதுக்காவத்தான் சொன்னேன் காசி. அவ அப்ப அங்க உயிரோட கெடந்தா."

பசை காயும்வரை வண்டியை அசைக்கவிடமாட்டார். அது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். முள்ளுக்குள் அந்தத் துண்டை எடுத்த உடனே எந்த வண்டியுடையது என்று கைக்குத் தெரிந்துவிட்டதாம். கொன்றவனைத் தேடுகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இவ்வளவு நாளும் அவர் தேடியது வேறு ஏதாவது ஒரு வண்டியை. எதுவாக இருந்தாலும் சரி, தான் ஒட்டிக் கொடுத்த வண்டியாக இல்லாமல் இருந்தால் போதும். பாவி மனுஷன், இதைத் தனியாகவே சுமந்திருக்கிறார்.

போலீஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்த ஒட்டைப் பெயர்த்துத் தீயில் போட்டுவிடலாம் என்றேன். அப்படிச் சொன்னதற்கு எனக்கு வெட்கமில்லை. அவர் எழுந்து உதயகுமாரின் வண்டிப் பக்கம் போனார். புது பம்பரைத் தூக்கி வைத்தார். ஓரம் இடித்தது. இறக்கித் தேய்த்தார். மறுபடி வைத்தார், மறுபடி தேய்த்தார். மாட்டி முடித்து, ஹெட்லைட் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிரேஸுக்கு போன் செய்தார். டியூட்டி முடிந்ததும் நேராகக் கடைக்கு வரச் சொன்னார்.

அவளிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"இடிச்சவன் பேர அந்தப் பையன்கிட்ட கேட்டு வாங்கிடலாம்பா" என்றார். "திரும்பிப் போவ வுடாம புடிச்சி வெச்சவன் பேர நான்தான சொல்லணும்."

கிரேஸ் வந்து ஸ்கூட்டியை நிறுத்தினாள். ஸ்டூலைத் துடைத்து அவளுக்குப் போட்டார். நான் என் கடைக்குள் போய், அவர் சொல்வது காதில் விழக்கூடாது என்று, துணி வைக்காமலே தையல் மெஷினை மிதித்தேன். எனக்கு அழுகையாக வந்தது. வெகுநேரம் கழித்து மெஷினிலிருந்து காலை எடுத்தபோது, பக்கத்துக் கடையில் இருவரும் இருந்தார்கள். கிரேஸ் எழுந்து போயிருக்கவில்லை.