சேலைக்குக் கீழே தெரிந்த கால்கள்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கோவில்பட்டியில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்க, அவருக்குப் பிடித்ததெல்லாம் யாரும் ஏறிட்டுப் பார்க்காத இடங்கள்தான். பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்து, பஞ்சுக் குடோனின் பின்சுவர், தீப்பெட்டி ஆபீஸில் கழிவுக் குச்சி கொட்டுகிற மூலை. மரப்பலகையில் செதுக்கி, கறுப்பு மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பார். அதற்கப்புறம் ஒவ்வொரு தாளுக்கும் கையால் வர்ணம் தீட்டுவது என் தலையில். கீழே கையெழுத்து மட்டும் அவருடையது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து மூத்திரச் சந்துக்குப் பாசி நிறம் கொடுத்த பொம்பளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பசுவந்தனைப் பக்கம் எங்கள் அப்பா வீடு. கரிசல் மண்ணில் எந்தச் சுவர் ஒழுங்காக நின்றது? ஒரு மழைக்குக் குளிக்கிற அறை விரிசல் விட்டு விழுந்துவிட்டது. அதற்குப் பதில் பின்பக்கம் மூன்று புறமும் ஓலைத்தட்டி, நாலாவது புறம் அம்மாவின் பழைய பச்சைச் சேலை. இவர் கண்ணில் அதுவா பட வேண்டும்! ஒரு லீவுக்குப் போனபோது பார்த்து வரைந்து வந்து செதுக்கியும்விட்டார். ஒற்றிய தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சேலைக்கும் தரைக்கும் நடுவே இரண்டு கால்கள்.

"எந் தங்கச்சி குளிக்கதையா வரஞ்சிருக்கிய? வெக்கமா இல்ல?"

"காலுதானட்டி. மூஞ்சியா தெரியுது? அது இல்லைன்னா படத்துல உசுரே இல்ல. உள்ளது உள்ளபடி தீட்டு."

வைதுகொண்டேதான் தீட்டினேன். சேலைக்குப் பச்சை, அதிலிருந்த பூவுக்கு மஞ்சள், பாதத்துக்கு மஞ்சள் பூசிக் குளித்த நிறம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் அதில் பல பிரதிகளை வாங்கி, புதுவீடு கட்டியவர்களுக்கெல்லாம் பரிசாகக் கொடுத்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. கோவில்பட்டியில் பலசரக்குக் கடைக்காரர்கள். மானாவாரி மிளகாயை நம்பிக் கிடக்கிற வீட்டுக்கு அப்படி ஒரு இடம் வருவதே பெரிது. இதுவும் தட்டிப்போனால் அவளை இரண்டாம் தாரமாகத்தான் தள்ளிவிட வேண்டும் என்று அப்பா அவள் காதுபடவே சொல்லியிருந்தார். முன்பக்கம் வெள்ளையடித்தோம். பின்கதவைச் சாத்தி, குறுக்கே கட்டிலைப் போட்டு மறைத்தோம்.

பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா தலையில் வைத்துவிடுவதற்காக மல்லிகைப்பூவை இலையிலிருந்து பிரித்துக் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பா, மூத்த மருமகன் படம் போடுகிறவர் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தார்.

"எங்க புதுவீட்டு ஹால்லயும் ஒரு படம் தொங்குது. ஓலைத்தட்டி, பச்சைச் சேலை. வாரவிய எல்லாம் அதத்தான் பாக்காவ" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

நான் இவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். பல்லைக் கடித்தேன். மனுஷன் துள்ளி எழுந்துவிட்டார்.

"அம்மா, அது நான் செஞ்சதுதான்! அந்த எடம் இங்கனதான் இருக்கு, வாங்க காட்டுதேன்!"

கட்டிலை அவரே இழுத்துப் போட்டார். கதவைத் திறந்தார். வந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து பின்னால் போனார்கள்.

அதே சேலைதான், இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தாள். "இதுக்குள்ளயா குளிக்கிய எல்லாரும்?" என்று சிரித்தாள். பிறகு திரும்பி, தங்கையை மேலிருந்து கீழே பார்த்தாள். பார்வை பாதத்தில் போய் நின்றது.

"ஏட்டி, அப்ப அது ஒன் காலா?"

தங்கை சேலைக்கரைக்குள் பாதங்களை இழுத்துக்கொண்டாள். "ஒரு வருசமா பாத்துக்கிட்டுல்லா இருக்கோம்!" என்றார் மாப்பிள்ளையின் மாமா. மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தான். அவன் அம்மா பூவை மறுபடி இலையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். நாங்களும் அங்கேதான் இருந்தோம்.

"ஊரு பாத்த காலு எங்க வாசப்படிய மிதிக்க வேண்டாம்னு சொல்லிட்டாவ."

அப்பா எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார், "அப்ப படத்தைக் கழத்திட்டாவளோ?"

"அத எதுக்குக் கழத்துதாவ? ஹால்லதான் தொங்குது. நல்லா இருக்காம்லா."

இவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கணுமே! அந்தக் கையை ஒடித்து அடுப்பில் வைக்கலாம் போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அடுப்படியிலிருந்து தங்கை வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"அத்தான், அடுத்த தடவ மொகத்தையும் சேத்துப் போட்டுருங்க. காலை மட்டும் பாத்துட்டு வேண்டாம்னுட்டாவ."

அவர் தலையை நிமிர்த்தி அவள் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தார். கை, சட்டைப்பையில் பென்சிலைத் தேடியது.