கருவாட்டு வாசமும் என் வலது கையும்

எனக்கு வாதம் வந்தபோது வயது எட்டு. அதை யாரும் நம்பவில்லை. இன்றைக்கும் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்றால், இவர் எதற்காகக் கேட்கிறார் என்றுதான் முதலில் யோசிப்பேன். அந்தப் புத்தி அப்போது வந்ததுதான்.

இலங்கை மலையகத்தில் தெமோதரைக்கு மேலே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் இருந்த எங்கள் தோட்டத்து லயத்தில், அடுத்த அறையான அடுத்த காம்பராவில் இருந்த மாமாவுக்கு முந்தைய வருடமே வாதம் வந்திருந்தது. தேயிலை கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியோடு சரிந்தார். சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். வாய் கோணி, ஒரு பக்கம் அசையாமல் கிடந்தவரை ஒருவரும் சந்தேகப்படவில்லை. வயதான ஆள், பிரஷர், சாராயம், சுருட்டு என்று காரணம்கூட எடுத்துக் கொடுத்தார்கள்.

எனக்கு ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பை வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தால் காலும் மடிந்தது. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிற எரிச்சலில் இருந்த அம்மா, "பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்க இது ஒரு புது வேலையா?" என்று முதுகில் ஒன்று வைத்தார். சத்தம் கேட்டு வந்த அடுத்த காம்பரா அத்தை என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்க வீட்டுக்காரருக்கு வந்த மாதிரியே இருக்கு. வாயப் பாரு."

"பச்சப் புள்ளைக்கு வாதமா? ஒங்க வாயில நல்லதே வராதாக்கா?"

அம்மாவின் கோபத்துக்கு வேறு காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன்பு எனக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டில் அம்மன் இறங்கியிருக்கும்போது பக்கத்தில்கூடப் பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. வேப்பிலை செருகிய எங்கள் காம்பராவுக்குள், சுவர் தாண்டி அத்தை வீட்டுக் கருவாட்டு வாசம் வந்தது. அம்மா அதை மறக்கவே இல்லை.

தோட்டத்து மருந்துக்காரர் பொய் வயிற்றுவலியைக் கண்டுபிடிப்பதில் பேர்போனவர். என்னைப் பார்த்ததும் திடீரென்று ஒரு டொபி மிட்டாயை வீசினார். நான் பிடித்தேன்.

"புடிச்சிட்டாளே! கழுதைக்கு ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போ."

எந்தக் கையால் பிடித்தேன் என்று அவர் பார்க்கவில்லை. சாயந்தரத்துக்குள் கால் ஓரளவு சரியாகி நடந்துவிட்டேன். அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மாமா மாதக்கணக்கில் எழவில்லை, இவள் ஒரே நாளில் எழுந்துவிட்டாள், நடிப்பில்லாமல் வேறென்ன என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டுவதற்கு நாக்குப் புரளவில்லை.

மறுநாள் வலிப்பு வந்தது. அதை நடிப்பு என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை ஓர் ஊழியர் தமிழில் சொன்னார்.

"புள்ளைங்களுக்கும் இது வருமாம். ஆனா பெரியாளுங்க மாதிரி பிரஷரால இல்லையாம். இருதயக் கோளாறு, காய்ச்சல், ரத்தக்குழாய் வீக்கம்னு காரணம் வேறயாம். வளர்ற மூளைங்கிறதால சீக்கிரம் தேறலாமாம். முழுசா தேறும்னு சொல்ல முடியாதாம். அம்மை போட்டு எறங்கின பொறகும் ரத்தக்குழாய் வீங்குமாம், இப்ப கிட்டத்துல அம்மை ஏதும் போட்டுச்சான்னு கேக்குறாரு."

இத்தனையிலும் அம்மாவின் காதில் விழுந்தது கடைசிக் கேள்வி மட்டும்தான். "பாத்தீங்களா! டாக்டரே அதத்தான் கேக்குறாரு!"

திரும்பி வந்ததும் அம்மா, கருவாட்டு வாசம் வந்த வழியான, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சாக்கு திணித்து அடைத்தார். அத்தையோடு பேச்சு நின்றது. என் காலும் பேச்சும் தேறின. வலது கை விரல்கள் மட்டும் மடங்கியபடி நின்றுவிட்டன. மாமா எழுந்திருக்காமலே சில வருடம் கிடந்து செத்துப்போனார்.

அவர் காரியம் முடிந்த பிறகு ஒருநாள், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அத்தை என்னைத் தனியாகப் பிடித்தார். அம்மாவைப் பற்றிக் குறை சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் வலது கையை எடுத்து, மாமாவுக்கு நீவிவிட்டது போலவே விரல்களை ஒவ்வொன்றாக நீவினார்.

"ஒனக்கு அம்மை போட்டிருந்த அன்னைக்கு மாமாதான் கருவாடு கேட்டாரு. சோறே எறங்காம கெடந்த மனுசன், வாயத் தொறந்து கேட்டாரேன்னு பொரிச்சேன். அதனாலதான் ஒனக்கு இப்படியாச்சா?"

"இல்லத்த. அது நோய். டாக்டரே சொன்னாரு."

பொய் சொல்கிறேனா என்று என் முகத்தை உற்றுப் பார்த்தார். லயத்தில் என்னை முதலில் நம்பியவர் அவர்தான். இப்போது அவரும் நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது.

"அதுக்கப்புறம் நான் கருவாடே பொரிக்கல," என்றார். "சாகப்போற வாரத்துல மறுபடி கேட்டாரு. ஒன் கை ஞாபகத்துக்கு வந்துச்சு. குடுக்கல."