ஒரே நோட்டில் மூன்று நாவல்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள். அவர் எடுப்பதில்லை. பிறகு லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எண்ணைக் கூப்பிடுவார்கள். அதை எடுப்பவர்தான் நம் அக்கா. "பதறாதீங்க, கதவுப் பக்கம் நிக்காதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டார்" என்பார். மெக்கானிக் உண்மையில் கிளம்பி வந்து சேர இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை பேச்சுத் துணைக்குத் தான் எழுதிக்கொண்டிருக்கும் கதையைச் சொல்வார். ஒருமுறை நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே மாட்டிய ஒருவர், கதவு திறந்த பிறகும் வெளியே வரவில்லை. "ஒரு நிமிஷம் இருப்பா, கொலைகாரன் யாருன்னு சொல்லப் போறாங்க" என்று மெக்கானிக்கையே நிறுத்திவைத்தார். இலக்கியத்துக்கு இதைவிடப் பெரிய விருதுகள் இருக்கலாம். அவை எதுவும் அக்காவுக்கு வந்ததில்லை.

பதினோரு வருடத்தில் பதினான்கு நாவல்கள். எல்லாமே தானே எழுதித் தானே வெளியிட்டவை. பதிப்பகத்தார் ஒருவர், "கொலை, காதல், பேய்னு அலையறீங்களே, ஏதாவது ஒண்ணுல நில்லுங்க" என்று புத்தி சொன்னாராம். லிஃப்டே நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிற காலத்தில், அக்கா எதற்கு நிற்க வேண்டும்? மூன்றையும் ஒரே நேரத்தில் எழுதினார்.

எழுதுகிற முறைதான் விசேஷம். அலுவலக மேஜையில் ஒரு நோட்டுக்கு மேல் இருந்தால் மேலாளர் கண்ணை உறுத்தும். அதனால் ஒரே நோட்டு, ஒரே பேனா. ஆனால் அந்தப் பேனாவில் மூன்று மை. டக்கென்று அழுத்தினால் சிவப்பு, அது கொலை. பச்சை, காதல். நீலம், பேய். காலையில் சடலத்தைக் கண்டெடுப்பார். பதினொன்றரைக்குக் காதலனை ரயிலேற்றுவார். சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற நேரத்தில் பேய் வரும். பேனாவை விற்கும் கடைக்காரர் வைத்த பெயர் 'மூணு கலர் அக்கா'.

நோட்டைப் பிரித்து மூன்று நாவலாகத் தட்டச்சு செய்பவர் அக்காவின் கணவர். தொழிலே பத்திரம் அடிப்பது. ஒரு கமாவைக்கூடத் தன்னிஷ்டத்துக்கு வைக்காத மனிதர். எப்போதும் வெள்ளைச் சட்டை.

இத்தனை புத்தகம் வந்தும், லிஃப்டுக்குள்ளிருந்து "உங்க புக் எங்க கிடைக்கும்?" என்று யாராவது கேட்டால் மட்டும் அக்காவுக்கு வாயடைத்துப்போகும். வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்றா சொல்வது? பொது நூலகத்தில் இருந்தால் சொல்லலாம். நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது வருடத்துக்கு ஒருமுறை. மூன்று வருடம் நிராகரித்தாயிற்று. நான்காவது முறையாக, மூன்று நாவலிலும் ஐந்தைந்து பிரதிகளை ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் கொடுக்க வேண்டும். அன்று லீவு போட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு அச்சகத்தில் போய் நின்றார்.

அச்சகக்காரர் பிரதிகளை மேஜையில் வைத்தார். கையை எடுக்கவில்லை.

"அக்கா, ஒரு சந்தேகம். இந்தக் காதல் கதையில அவன் அந்தப் பொண்ணைக் கட்டிக்கப் போறானா, கழுத்தை நெரிக்கப் போறானா?"

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம் பாருங்க."

பார்த்தார். *அவன் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். 'இனி அவசரமே இல்லை' என்றான்.* அதற்கு அடுத்த பக்கத்தில் நிச்சயதார்த்தம். கொலை நாவலைப் புரட்டினால் அங்கே இந்தப் பக்கம் இல்லை. கொலைகாரன் கையுறை போட்டதை யாருமே பார்க்காத நிலையில், கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் அந்தக் கையுறையை வைத்தே ஆளைப் பிடித்துவிடுகிறார்.

போன் போனதும் கணவர் வந்தார். அக்கா நோட்டை நீட்டினார்.

"இது சிவப்புலதானேங்க எழுதியிருக்கேன்?"

அவர் நோட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எது ரெண்டும்?"

"சிவப்பும் பச்சையும். மண்ணு மாதிரி தெரியும். சின்ன வயசுலேர்ந்தே."

அச்சகக்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கொலை நாவல்களில் ஒற்றைச் சட்டைப் பொத்தானை வைத்தே கொலைகாரனைப் பிடித்தவர் அக்கா. ஒரு மனிதர் இருபத்திரண்டு வருடம் வெள்ளைச் சட்டை மட்டுமே போடுவதையும், தக்காளி வாங்க மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடிப்பதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"அப்போ பதினோரு வருஷமா எப்படிப் பிரிச்சு அடிச்சீங்க?"

"படிச்சுப் பார்த்துத்தான். நீலம் நல்லாத் தெரியும், பேயைத் தனியா எடுத்துடுவேன். மத்ததுல யாராவது செத்தா கொலை, அழுதா காதல்."

"கொலையிலயும் அழறாங்களே."

"ஒரு தடவைதான் அழறாங்க. காதல்ல நிறுத்தறதே இல்லையே."

அச்சகக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். அக்கா சிரிக்கவில்லை. "ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா அடிக்கறதுக்கு வேற ஆளைப் பார்த்திருப்பே."

அக்கா அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படித்தார். கழுத்து, கையுறை, அவசரமில்லை. நிதானமாக நோட்டை மூடினார். "தப்பு உங்க மேல இல்ல. எந்தக் கதைக்கும் பொருந்தற மாதிரி ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன் பாருங்க, அது என் தப்பு. உக்காருங்க. அடிங்க."

அன்று நடந்ததை அச்சகக்காரர் இன்றைக்கும் யார் வந்தாலும் சொல்கிறார். காகிதம் வெட்டும் எந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அக்கா உட்கார்ந்தார். காதல் நாவலில் ஒரு தாளை வெட்டியெடுத்தால் இரண்டு பக்கம் போகும். முன்னும் பின்னும் ஒட்டும்படி, வரிக்கணக்குப் பிசகாமல் அதே இரண்டு பக்கத்தை நிரப்ப வேண்டும். வாயாலேயே சொன்னார், கணவர் அடித்தார். அது முடிந்ததும் மூச்சு விடாமல் கொலைக்குத் தாவி, கையுறைக்காரனின் கண்ணில் ஒரு அவசரத்தை வைத்தார். கணவர் விரலை நிறுத்தி, "இது கொலைதானே?" என்றார். "பின்னே?" "கேட்டுக்கிட்டேன்." பழைய தாளை பிளேடால் எடுத்து, புதியதைப் பசையால் ஒட்டி, பத்துப் பிரதிகளுக்கும் மேல் இரும்புப் பாளத்தை ஏற்றிவைத்தபோது மணி நாலு.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நூலக அலுவலகத்தில் கொடுத்தார்கள். வாங்கிய குமாஸ்தா ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே."

"காதல் கதை சார்" என்றார் கணவர்.

மூன்று மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. கொலை இல்லை. காதல் இல்லை. அன்றைக்கு முழுக்க யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத பேய் நாவல் தேர்வாகியிருந்தது.

"அது ஒண்ணுதான் நான் படிக்காமலே அடிச்சது" என்றார் கணவர், சற்று வருத்தத்தோடு.

லிஃப்டுக்குள்ளிருந்து யாராவது கேட்டால் இப்போது அக்கா, "நூலகத்துல கேளுங்க, பேய்க்கதை வரிசை" என்கிறார், அலட்சியமாகச் சொல்வதுபோல. அடுத்த மூன்று நாவல்களும் ஒரே நோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேனா மட்டும் மாறிவிட்டது. கடைக்காரர் வழக்கம்போல மூன்று கலர் பேனாவை எடுத்து நீட்ட, அக்கா கருப்பு மை பேனா நாலு கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிரிக்கிற வேலை முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. எந்தக் கதை என்று பிடிபடாத பக்கத்தை மூலையில் மடித்துத் திருப்பித் தருகிறார். போன வாரம் அப்படி ஒன்று வந்தது. அக்கா வாதாடவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தார்.