பெட்டி மூடியில் ஒரு கட்டைவிரல்

என் நோட்டில் ‘கைத்தடம் – சரி செய்யப்பட்டது’ என்ற வரி பத்தொன்பது இடங்களில் வருகிறது. ‘கைத்தடம் – சரி செய்யப்படவில்லை’ என்பது ஒரே ஓர் இடத்தில். அந்த ஒன்றைத் தேடித்தான் போன மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறினேன்.

நான் கிராம நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் எந்த ஊசி என்று மலை ஊர்களில் எழுதி எழுதியே காலம் போயிற்று. வேலை விட்ட பிறகும் எழுதுவதை விடவில்லை. முதல் மழை, சிலிண்டர் மாற்றிய நாள், நூலகத்தில் புத்தகம் எடுத்த நாள், திருப்பிக் கொடுத்த நாள் எல்லாம் நோட்டில் உண்டு. தேதியும் நேரமும் அங்கே இருக்கட்டும். இங்கே மாதமும் கிழமையும் போதும்.

என் தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். ஒடுகத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இறந்தபின், பிள்ளையும் இல்லாததால், ஓர் ஆடி மாதம் ஒரு சூட்கேஸும் ஒரு மிக்சியுமாக மலையேறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த ஒரு மாதத்தில் அவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பழைய நாற்காலியையும் மேஜையையும் சுரண்டிப் பெயிண்ட் அடித்துப் புதிதாக்கும் வீடியோக்களை நாள் முழுக்கப் போனில் பார்த்தாள். பிறகு ஒரு நாள் ஒடுகத்தூர் போய், காயலான் கடையில் கிடந்த, முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த ஒரு மர மேஜையை வாங்கி, மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

கண்டக்டர், “இதுக்கும் ஒரு டிக்கெட் எடும்மா” என்றாராம்.

“உக்காந்துக்கினு வந்தா தானே சார் டிக்கெட்டு? இது நின்னுக்கினு தானே வருது” என்றாளாம் இவள். பஸ்ஸே சிரித்ததாக வந்து சொன்னாள்.

அந்த மேஜையில்தான் தொடங்கினோம். அதை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, பிறகு பழைய சாமான்களைப் புதிதாக்கி விற்கவும், கேட்டவர்களுக்குச் செய்து கொடுக்கவும் ஆரம்பித்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நான். குழியிலும் கீறலிலும் பட்டி பூசி நிரப்புவதும் நான். பிரைமர் அடிப்பது அவள். அதன் மேல் இரண்டு கை பெயிண்ட். ஒரு முறை அடித்தால் ஒரு கை, மறுமுறை அடித்தால் இரண்டாவது கை. பெயிண்ட்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதல் கை என்னுடையது, இரண்டாவது கை அவளுடையது என்று வைத்துக்கொண்டோம். அவள் பிரஷ் பிடித்தால் கோடே தெரியாது. எனக்கு அது வரவில்லை.

அவளிடம் ஒரே ஒரு குறை. காயும்வரை பொறுக்கமாட்டாள். டப்பாவில் எட்டு மணி நேரம் என்று போட்டிருக்கும். அது தரைநாட்டுக் கணக்கு. மலையில் பனி இறங்கினால் எனாமல் காய இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் ஆகும். சொன்னால் கேட்கமாட்டாள். போகும்போதும் வரும்போதும் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு, “காஞ்சிடுச்சுக்கா” என்பாள். காய்ந்திருக்காது. தடம் விழுந்திருக்கும்.

அது யாருடைய தடம் என்று கேட்கவே வேண்டாம். சிறு வயதில் புளி அரியும்போது அரிவாள்மனையில் அவள் வலது கட்டைவிரல் கிழிந்தது. ஆறியபின் குறுக்கே ஒரு கோடு நின்றுவிட்டது. ரேகைகளுக்கு நடுவே வரப்பு போட்ட மாதிரி அந்தக் கோடும் சேர்ந்து பெயிண்டில் பதியும். நான் நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் இன்னொரு கை அடித்துவிட்டு, நோட்டில் எழுதுவேன். எந்தச் சாமான், எந்தப் பக்கம், எப்போது சரி செய்தது.

“புள்ளைங்களுக்கு ஊசி போட்ட தேதி எழுதுற மாதிரியே எழுதுறியே. பீரோவுக்கு இன்னா காய்ச்சலா வரப்போவுது?” என்று சிரிப்பாள்.

கைராசி பற்றியும் சொல்ல வேண்டும். மலை ஊர்களில் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். நான் ஊசி போட்டால் குழந்தை அழாது, காய்ச்சல் நிற்கும் என்பார்கள். மருந்தின் குணம் என்று சொன்னால் யாரும் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். என் தங்கைக்கு நேர்மாறான பெயர். அவள் புகுந்த வீட்டில் அவள் விளக்கேற்றிய வருஷம் நிலக்கடலை விளையவில்லை, அவள் திறந்து வைத்த தையல் கடை மூடிப்போயிற்று, பிறகு புருஷனும் போனான். அவள் கை அப்படி என்று அங்கே வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள். மலைக்கு வந்தபின் அதைப் பற்றி அவள் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

சரி செய்யப்படாத அந்தத் தடம் ஒரு மரப்பெட்டியில் விழுந்தது. நான் தடுப்பூசி போட்டு வளர்ந்த ஒரு பையனுக்கு வைகாசியில் கல்யாணம். அவன் அம்மா, வீட்டில் சாமை கொட்டி வைத்திருந்த பழைய பெட்டியைக் கொண்டுவந்து, “வர்ற மருமவளுக்குத் துணி வெக்க ஆவுற மாதிரி பண்ணிக் குடுங்க நர்சம்மா” என்றாள். மயில் நீலம் அடித்தோம். புதன்கிழமை இரண்டாவது கை. அன்று மாலையே மழை. வெள்ளிக்கிழமை காலையில் ஜீப் வந்து வாசலில் ஹார்ன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். என் தங்கை ஓடிப்போய் மூடியின் நட்டநடுவில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். மேலே காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே ஈரம். தடம் ஆழமாக விழுந்துவிட்டது.

எப்போதும் சிரிப்பவள் அன்று வெளிறிப்போனாள். “அழிச்சிடுக்கா. கல்யாணப் பொட்டிக்கா அது. தாலி அறுத்தவ கை பட்டிருக்கு.”

“ஈரத்துல தேச்சா மூடி பூராவும் கெட்டுப்போகும். விடு” என்றேன். டிரைவர் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார். வண்டி திரும்பும்வரை அவள் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அடிக்கடி கேட்பாள். “அந்தப் பொட்டி எப்டி இருக்கோ. அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா? ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வரலாமாக்கா?” ஐந்து முறை கேட்டிருக்கிறாள். ஐந்தும் நோட்டில் இருக்கின்றன. நான் என்ன பதில் சொன்னேன் என்பது ஒன்றிலும் இல்லை. பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு பஸ், அரை மணி நேர நடை. அவ்வளவுதான் தூரம்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் வலை அடித்த ஒரு பாத்திர அலமாரி கிடைத்தது. அதை விற்காமல் நாமே வைத்துக்கொள்ளலாம் என்றாள். மிச்சம் இருந்த டப்பாக்களை எல்லாம் ஒன்றாக ஊற்றிக் கலக்கினாள். பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு நிறம் வந்தது. “இது நம்ம கலரு. கடையில கேட்டா கெடைக்காது” என்றாள். வாரக்கணக்கில் சாரல். கதவு சுலபத்தில் காயவில்லை. மூன்று முறை தடம் விழுந்து மூன்று முறை நான் சரி செய்தேன். கலந்த பெயிண்ட் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். நான்காவது முறையாக, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதே இடத்தில் அதே விரல்.

எனக்கு அன்று முட்டிவலி. அதை ஒரு காரணமாகச் சொல்லக்கூடாது. நான் சொன்னது இது: “இந்தக் கை தொட்டது எதுதான்டி உருப்பட்டிருக்கு?”

அவள் விரலில் ஒட்டிய பெயிண்டைத் துடைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டாள். துடைத்துவிட்டுக் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பிரஷைத் தொடவில்லை. அது மட்டும் என்றால் கோபம் என்று விட்டிருப்பேன். ஊறுகாய் ஜாடியை எடுக்கும் முன், “தொடலாமாக்கா?” என்பாள். விளக்கின் திரியைத் தூண்டும் முன், “நீ பண்றியாக்கா?” என்பாள். பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையை நீட்டியபோது, “அக்காகிட்ட குடுங்க” என்று நகர்ந்துகொண்டாள். என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். நானும் வீம்பாக இருந்தேன். அலமாரிக் கதவு நன்றாகக் காய்ந்ததும் தேய்த்து, மிச்சப் பெயிண்டை வழித்து அடித்து முடித்தேன். நோட்டில் எழுதினேன். அது பத்தொன்பதாவது.

தை பிறந்து பத்து நாள் ஆகவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. திருப்பத்தூர் போகும் வழியில், மலை இறங்கும்போது, பழக்கத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டே வந்தேன். எந்த வளைவில் நின்றது என்று எனக்குத் தெரியும். நின்ற பிறகும் கையை விடவில்லை. அப்போதுதான் அவள் நகக்கண்ணைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மலைக்கு வந்த நாளிலிருந்து அந்த நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் இறங்கிப்போன பிறகு வீட்டில் இருந்த சாமான் ஒவ்வொன்றையும் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மேஜை, முக்காலி, அலமாரிக் கதவு. விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு மேடு பள்ளம் இல்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

கல்வெட்டுப் புத்தகங்கள் நிறையப் படித்தவள் நான். இந்த மலையில் இருக்கும் நடுகற்களைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதையும் படித்திருக்கிறேன். எழுத்து சிதைந்த இடத்தை அவர்கள் திருத்தமாட்டார்கள். ‘சிதைந்துள்ளது’ என்று குறித்துவிட்டு அப்படியே விடுவார்கள். அதைப் படித்து மெச்சிய அதே நான்தான் கையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு நோட்டைப் புரட்டினேன். வைகாசி, மயில் நீலப் பெட்டி, சரி செய்யப்படவில்லை.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை போனேன்.

பையனின் அம்மா களத்தில் புளி உலர்த்திக்கொண்டிருந்தாள். “வாங்க நர்சம்மா! இப்பதான் வழி தெரிஞ்சிச்சா? ரிட்டேரு ஆனா ஊரும் மறந்துடுமா?” என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“அந்தப் பெட்டியைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“கலரு போச்சான்னு பாக்க வந்தீங்களா? நாங்க இன்னா அத வெயில்லயா போட்டு வெச்சிருக்கோம்? வாங்க, வாங்க.”

உள் அறையில் சுவரோரம் பெட்டி இருந்தது. பக்கத்தில் சேலைத் தூளியில் ஒரு குழந்தை தூங்கியது. நான் மூடியைப் பார்த்தேன். நட்டநடுவில் வட்டமாக மஞ்சள் பூசி, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல வாரத்து மஞ்சள், ஓரம் வெடித்துக் கெட்டியாகக் காய்ந்திருந்தது. அன்று காலை வைத்த குங்குமம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இது இன்னாம்மா?” என்றேன்.

“இன்னா இப்டி கேக்குறீங்க? நீங்க தானே கட்ட வெரலு வெச்சு அனுப்புனீங்க. ‘பொட்டு வெக்கிற எடத்த அடையாளம் பண்ணி அனுப்பியிருக்காங்க, அத்தே’ன்னு என் மருமவ தான் எங்கிட்ட சொன்னா. அன்னியிலேர்ந்து வெள்ளிக்கெழம தவறாது.”

மருமகள் கதவோரம் வந்து நின்று சிரித்தாள். மாமியார் விடவில்லை. “ஜீப்பு ஏத்துறப்ப உங்க தங்கச்சி அந்த எடத்தயே பாத்துக்கினு நின்னாங்க, நான் பாத்தேன். மனசார வெச்ச கை. வருஷம் திரும்பறதுக்குள்ள தொட்டில் கட்டிட்டோம். கைராசின்னு ஊரே உங்களச் சொல்லும். எங்க வூட்டுக்கு உங்க தங்கச்சி கை தான் நர்சம்மா.”

நான் பெட்டியருகே உட்கார்ந்துவிட்டேன். மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் அந்த வட்டத்தையே பார்ப்பதைக் கண்டு, “ஈரத் துணியால தொடச்சிக் காட்டட்டுங்களா? அடியில தடம் அப்படியே இருக்கும்” என்றாள்.

இருக்கும். குறுக்குக் கோட்டோடு இருக்கும். அதற்காகத்தான் வந்தேன். ஆனால் மஞ்சளைத் துடைக்க ஈரத் துணி எடுக்கப்போன அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினேன். “வேணாம்மா. இருக்கட்டும்.”

“அவங்களயும் கூட்டினு வந்திருக்கலாமில்ல?” என்றாள் மாமியார்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொன்னால், குழந்தை பிறந்து எத்தனை மாதத்தில் அவள் போனாள் என்று இருவரும் எண்ணிப் பார்ப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் மஞ்சள் வைக்க அந்தப் பெண்ணின் கை தயங்கும். என் தங்கையின் கை இந்த ஒரு வீட்டில்தான் நல்ல கை.

“அவளுக்கு மூச்சு வாங்குது. மேடு ஏற முடியல” என்றேன்.

“ஐயோ, மலைத்தேன் குடுங்க. வெந்நீர்ல கலந்து காலையில குடுங்க, எறங்கிடும்” என்று உள்ளே போய் ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்து என் பையில் வைத்தாள். “நீங்க எடுத்துக்காதீங்க. அவங்களுக்குன்னு சொல்லிக் குடுங்க. பொண்ணு பொறந்திருக்கான்னு சொல்லுங்க.”

பஸ்ஸுக்கு நடக்கும் வழியெல்லாம் அதைத்தான் அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பொண்ணுடி. நல்லா இருக்குதாம்.

பாட்டிலை அந்த அலமாரியில் வைத்திருக்கிறேன். கதவு வழவழவென்று இருக்கிறது. அன்றைய நோட்டில் நான்கு வரிகள்தான். பஸ் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். கைத்தடம் – அப்படியே இருக்கிறது. தேன் ஒரு பாட்டில் – தங்கைக்கு.